காலராக் கொட்டகையில் பெற்ற பிள்ளை

என் மூத்த மகள் எங்கே பிறந்தாள் என்று யாராவது கேட்டால், தூத்துக்குடி என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எந்த ஆஸ்பத்திரி என்று விடாமல் கேட்பவர்களிடம் மட்டும் காலராக் கொட்டகை என்பேன். கேட்டவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்வார். அந்தப் பேதி இத்தனை வருஷம் என் சேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாக்கும்!

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து, எங்கள் கடற்கரைத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வாந்திபேதியில் விழுந்தார்கள். என் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். நான் நிறைமாதம். ஒரு காலையில் எனக்கும் கண்டது. முனிசிபாலிட்டி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. கூடவே ஓடிவந்த அம்மாவை, ஒட்டிக்கொள்ளும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

காலராக் கட்டிலைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கித்தான் கட்டில், நடுவில் வட்டமாக ஓட்டை, அடியில் ஒரு வாளி. இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் அதில் கிடக்க வேண்டும். மேலே போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டி. பெண்கள் கொட்டகை நிரம்பி வழிந்ததால் என்னை ஆண்கள் கொட்டகையின் ஓரத்தில் போட்டிருந்தார்கள். எதிர் வரிசையில் ஐந்தாறு ஆண்கள், கையில் குளுக்கோஸ் ஏறியபடி என் பக்கம் பார்த்துக் கிடந்தார்கள். நடுவில் ஒரு தட்டி கூடக் கிடையாது.

மறுநாள் மத்தியானம் வலி எடுத்தது. பிரசவ வார்டில் சேர்த்துக்கொள்ள மாட்டோம், மற்றத் தாய்மாருக்குத் தொற்றிவிடும் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு அப்போது நியாயம் வேண்டியிருக்கவில்லை. கதவு உள்ள ஓர் அறைதான் வேண்டியிருந்தது. சாவுக்குக் கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இத்தனை ஆண்களுக்கு முன்னால் காலை விரித்துப் பிள்ளை பெறவேண்டுமே என்றுதான் அழுதேன். ஒரு மறைப்பாவது கட்டுங்கள் என்று அங்கிருந்த சிப்பந்தியிடம் கெஞ்சினேன்.

"உசுரு போற நேரத்துல வெக்கம் எதுக்கும்மா?" என்றான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "செத்தா வெக்கம் தானாப் போயிரும். இப்ப உசுரோடதான கெடக்கேன்?" என்றேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சற்று நேரத்தில் பிரசவ வார்டிலிருந்து ஒரு நர்ஸ் தானாகவே வந்தார். ஒல்லியான பெண், கையில் ஒரு தட்டு, கக்கத்தில் இடுக்கிய பாய். வந்தவர் என் துப்பட்டியைத் தூக்கவில்லை. தலைமாட்டில் குனிந்து, "தொட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்று கேட்டார். அந்தக் கொட்டகைக்கு வந்த பிறகு என்னை எத்தனையோ கை புரட்டியிருந்தது. கேட்டுவிட்டுத் தொட்ட கை அது ஒன்றுதான். பார்த்துவிட்டு, "இந்தக் கட்டில்ல வேண்டாம். பிள்ள வாளிக்குள்ளயா விழணும்? தரையில பாய் விரிக்கேன், சரியா?" என்றார். சரி என்றேன். மறைப்புக்குத் துணி தேடினார். கொட்டகையில் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. எதிர் வரிசையைப் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்களேன்" என்றார். கையில் ஊசி குத்திக் கட்டி வைத்திருந்தவர்கள் எப்படித் திரும்புவார்கள்?

அப்போதுதான் எனக்கு நேர் எதிரே கிடந்தவர் பேசினார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. பேதியில் தொண்டை கட்டிக் குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஏலே, எல்லாவனும் துண்ட எடுத்து மூஞ்சில போடுங்கலே."

யாரும் அசையவில்லை. அந்தக் கொட்டகையில் முகம் மூடப்பட்டால் அடுத்தது பிண வண்டிதான். காலையில்கூட இரண்டு பேரை அப்படி மூடித் தூக்கிப் போயிருந்தார்கள். அவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் முனகினார்: "உசுரோட இருக்கும்போதே மூடச் சொல்லுதியளே, அண்ணாச்சி."

"செத்தா மூட ஆளு வருவான்லே. இப்ப நீயே மூடு. நம்ம வீட்டுப் பிள்ளையா இருந்தா பாத்துக்கிட்டா கெடப்ப?"

சொல்லிவிட்டு முதலில் அவரே போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக, கடைசி ஆள் சிலுவை போட்டுக்கொண்டு.

நான் பாயில் படுத்தேன். வலி நெருங்கிக்கொண்டிருந்தபோது பிண வண்டிக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். வரிசையாக மூடிய முகங்கள். "ஐயோ மாதாவே, அம்புட்டுமா?" என்று அலறினார்.

"இன்னும் சாவல, போம்வே!" என்று ஒரு துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் அந்த வலியிலும் சிரித்தேன். சிரிப்போடு சேர்ந்துதான் முக்கினேன் என்று இன்றைக்கும் மகளிடம் சொல்வேன்.

பிள்ளை பிறந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு அழுதது. நர்ஸ் என்னை மூடி, பிள்ளையை என் நெஞ்சில் போட்டுவிட்டு எதிர் வரிசைக்குச் சொன்னார்: "பொம்பளப் பிள்ள. நல்லா இருக்கு. இனி எடுக்கலாம்."

துண்டுகள் விலகின. எல்லோருக்கும் முகத்தில் வேர்வை, எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு நேர் எதிரே இருந்த துண்டு மட்டும் விலகவில்லை.

"அண்ணாச்சி, ஆச்சு. எடுங்க" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். நர்ஸ் போய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தார். திரும்பவும் போட்டுவிட்டார்.

வண்டிக்காரரைக் கூப்பிட்டபோது அவர் வாசலைத் தாண்டவில்லை. "போங்கம்மா, மறுபடியும் ஏமாத்துதிய" என்று சிரித்தார். நர்ஸ் இரண்டாம் முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அண்ணாச்சியை எடுத்துப்போன பிறகு நான் பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டேன், பிள்ளை அழுதது அண்ணாச்சிக்குக் கேட்டிருக்குமா என்று.

"தெரியலயே தாயி. நானும் துண்டுக்குள்ளதான கெடந்தேன்."