மேட்டு லயத்துத் தப்பு

யோகேஸ்வரன் கையை வீசினால் கொழும்பில் சம்பளம், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கேலி. கொட்டகலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே "கையாட்டி மாஸ்டர் வந்துட்டாரு" என்பார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழும்புப் பள்ளிக்கூடம் ஒன்றில் பேண்டு பழக்கும் மனிதர். கல்யாணம் செய்யவில்லை. வளர்த்துவிட்ட அக்கா சிவகாமசுந்தரி மட்டும் மேட்டு லயத்தில் இருந்தார்.

இந்த வருடம் எங்கள் இளைஞர் பேண்டின் பயிற்சி முகாமுக்கு அவரை விருந்தினராக அழைத்தோம். கடைசி நாளான சனிக்கிழமை கீழே பள்ளிக்கூட மண்டபத்தில் நிகழ்ச்சி. முடிவுப் பாட்டில் பேண்டுப் பிள்ளை கேஷிகா தப்புப் பறையும் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எங்கள் தோட்டத்தில் மழை நாளில் தப்பு அடிப்பதில்லை. மண் சரியப் போகிறதென்றால் மட்டும் விடாமல் அடிப்பார்கள். கேட்டதும் லயத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். அடிப்பவர் கோயில் தப்புக்காரர் அழகுமுத்து.

"மழ விடட்டும் மாஸ்டர். இப்ப வேணாங்க" என்றார் அவர்.

"எல்லாருக்கும் சொல்லிட்டா போச்சுண்ணே."

சொல்லவும் செய்தார். சனிக்கிழமை தப்புச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், அது பேண்டுதான் என்று குடையைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாகப் போனார். நல்ல மனிதர்தான், தன் காரியம் என்று வந்துவிட்டால் அடுத்தவர் பேச்சு காதில் ஏறாது. முட்டிவலியால் அக்காவுக்கு மண்டபத்துக்கு வர முடியாது. "வாசல்ல உக்காந்து கேளுக்கா. பயந்துறாத" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பனிமூட்டத்தில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. லயத்தோரக் கானில், அந்த வடிகாலில், தண்ணீர் மண் கரைந்து சிவப்பாக ஓடியது. அழகுமுத்து மண்டபத்துக்கு வராமல், மேட்டு லயத்துக்கும் மேலே இருக்கும் கோயிலுக்கு ஏறிப் போனார்.

முடிவுப் பாட்டில் தப்பு தாளம் தப்பிக் கேட்டது. யோகேஸ்வரன் தப்புக்காரப் பிள்ளை கேஷிகாவை முறைத்தார். அவள் குச்சிகளை அசைக்காமல் வைத்தபடி விழித்தாள். அவள் முறை இன்னும் வரவே இல்லை.

அவர் கையை இறக்கினார். பேண்டு நின்றது. தப்பு நிற்கவில்லை. விஷயம் புரியாமல் சிலர் கைதட்டினார்கள்.

யோகேஸ்வரன் கையிலிருந்த தாளக் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். மேட்டு லயத்தில் ஒருவர்கூட இறங்கியிருக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"நீ சொன்ன மாதிரி நான் பயப்படவே இல்ல தம்பி" என்றார். "ரொம்ப நேரமா அடிக்கிறாங்களே, கை வலிக்காதா?"

யோகேஸ்வரன் அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டு, எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்தினார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது மலை உறுமியது. தப்பு நின்றது.

அக்காவை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல், யோகேஸ்வரன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார்.

"அழகுமுத்து அண்ணே எறங்கிட்டாரா?"

எல்லாரும் மேலே, கோயில் இருந்த பக்கம் பார்த்தார்கள்.