எறும்பு காட்டிக்கொடுத்த மருந்து

ஒரு மருந்துப் புட்டியில் எறும்பு மொய்த்ததால் எனக்கு லஞ்சம் வாங்கியவன் என்ற பட்டம் வர இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். புதிதாக வந்த இருமல் மருந்து மெய்யாகவே கேட்கிறதா என்று பார்க்க எங்கள் டாக்டரம்மா ஒரு சோதனை வைத்தார். பாதிப் பேருக்கு மருந்து; மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் வெல்லப்பாகு, கசப்புக்குக் கொஞ்சம் நிலவேம்பு. யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. கலக்கிய எனக்கு மட்டும் தெரியும். "மருந்து குடிக்கிறோம்னு தெரிஞ்சாலே பாதி இருமல் நின்னுடும் கம்பவுண்டர்" என்பார்.

அதோடு விட்டாரா? மறைத்தது மறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். இருமல் குறையத் தொடங்குவதற்கு முன்பே, இரண்டாம் நாள், ஒவ்வொருவரையும் "உங்களுக்குக் குடுத்தது மருந்தா, பாகா?" என்று கேட்டு எழுதினார். சரியாகச் சொன்னவருக்கு ஒரு பக்கம், தப்பாகச் சொன்னவருக்கு ஒரு பக்கம் என்று நான் புளியங்கொட்டை வைத்தேன். குருட்டாம்போக்கில் சொன்னால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வரும். சரியான பக்கமோ குவிந்து கிடந்தது.

"தற்செயலா இருக்கும்" என்றேன். டாக்டரம்மா விடவில்லை. பாதிக் கொட்டைகளை வெள்ளையாகத் தேய்க்கச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டுக் கலக்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நோயாளிக்கு ஒரு கொட்டை என்று எடுப்பது, வெள்ளை வந்தால் சரியான பதில் என்று கணக்கு; பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் கலக்குவது. ஒரு பகல் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுத்தோம். ஒரு தடவைகூட வெள்ளை அந்த அளவுக்கு வரவில்லை. தற்செயல் இல்லை, எங்கிருந்தோ கசிகிறது.

ஆஸ்பத்திரிக்கே தலைவரான பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். ஏதாச்சும் வாங்கிக்கிட்டுச் சொல்லிட்டியா? சீட்டைக் கிழிச்சுடுவேன்!" என் சொந்த ஊரான வரதராஜன்பேட்டையில் எங்கள் குடும்பத்தில் ஒருவர்மேலும் அப்படி ஒரு சொல் விழுந்ததில்லை. என் மனைவி அன்று உலை வைக்கவே இல்லை.

மறுநாள் புட்டியோடு வரிசையில் நின்ற ஓர் அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இது தெரியாதா ஒனக்கு? வூட்டுல தண்ணிப் பானைகிட்ட வையி. எறும்பு ஏறுச்சுன்னா பாகு, ஏறலன்னா மருந்து. ஊரே பேசுது." அடப்பாவமே! நிறம் வரட்டுமென்று பாகில் வெல்லத்தை அள்ளிப் போட்ட மகராசன் நான்தான். ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். தலையிலடித்துக்கொண்டு சிரித்தார்.

புதிய நோயாளிகளோடு மறுபடி தொடங்கினோம். இரண்டிலும் ஒரே அளவு வெல்லம், ஒரே கசப்பு. எறும்புப் புற்றருகே இரண்டையும் சொட்டு வைத்துப் பார்த்தேன். எறும்புகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "எனக்கு மொகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று பெரிய டாக்டரும் நோயாளிகளைப் பார்த்து ஊகம் சொன்னார். இரண்டாம் நாள் கொட்டைகளை வைத்தோம். நோயாளிகள் சொன்னது பாதிக்குப் பாதி. அவர் சொன்னதும் பாதிக்குப் பாதி! "உங்களுக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல சார்" என்றார் டாக்டரம்மா. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பயமெல்லாம் போயே போய்விட்டது.

வாரக் கடைசியில், யாருக்கு எது என்று நான் எழுதி ஒட்டி வைத்திருந்த பட்டியலைப் பிரித்தோம். மருந்து குடித்தவர்களில் பெரும்பாலோருக்கு இருமல் நின்றிருந்தது, பாகு குடித்தவர்கள் இன்னும் இருமிக்கொண்டிருந்தார்கள். மருந்தும் ஜெயித்தது, நானும் ஜெயித்தேன். அடுத்த சோதனைக்கும் இதே கம்பவுண்டர்தான் கலக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் தம் கையால் எழுதினார். இன்று ஆயிரம் பேரை வைத்து இயந்திரத்தில் கணக்குப் போடுகிறார்களாம்; போடட்டும். எங்களுக்கு ஒரு பானை போதுமாயிருந்தது.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் மனைவி. "உங்கள நம்பிட்டாங்களா?" என்றாள்.

"நம்புறது என்னடி, எண்ணியே பாத்துட்டாங்க!" என்றேன்.