மருதாணியில் கலந்த கருப்புப் பொடி

செங்கம் சாலைக் கடையில் மகள் வாங்கிவந்த மருதாணிப் பொட்டலத்தைப் பிரித்தபோது இலை மணம் வரவில்லை. தலைச்சாயத்தின் நெடி மூக்கிலேறியது. அக்கணமே எனக்கு மீண்டும் ஒன்பது வயது.

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய மாலை, அவளுக்காகக் குழைத்திருந்த மருதாணி நன்றாகக் கறுக்கட்டுமென்று, அப்பா தலைக்குப் பூசும் கருப்புப் பொடியை யாரும் அறியாமல் அதில் கலந்தேன். விடிந்ததும் அவள் கையெங்கும் கொப்புளங்கள்.

“மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்ற நேரம்! யாருடி எதைக் கலந்தது?” என்று அம்மா கத்தினாள். என் விரல்நுனிகள் கறுத்திருந்தன. அக்கா அவற்றைக் கண்டாள். எரியும் தன் கைக்குள் என் விரல்களை மறைத்துக்கொண்டு, “கடைல வாங்கினதே அப்படித்தாம்மா” என்றாள்.

“சீக்கிரமா கறுத்துடுமாம்மா, வெச்சுக்கட்டுமா?” என்று மகள் கையை நீட்டினாள்.

“வேணாம்டி” என்று பொட்டலத்தை மூடிவைத்தேன். பிறகுதான், என் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன்.