மாவில் கீறிய ஊர்

செஃப் என் மேசையில் ஒரு கைப்பிடி மாவை வீசினாரென்றால் எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். ஊரைக் கீறப் போகிறார். லுசேர்ண் ஹோட்டல் சமையலறையில் எத்தனையோ மேசைகள் இருந்தன; அவருக்கு என் மேசைதான் வேண்டும். சைப்ரஸ் தீவில் ஃபமகுஸ்தா என்ற கடற்கரைப் பட்டினம், கிரேக்கரான அவருடைய ஊர். முதலில் கோட்டை மதில். வெனிஸ்காரர் கட்டியது, துருக்கியர் பிடித்தது, ஆங்கிலேயர் ஆண்டது. மதிலுக்குத் தெற்கே மணற்கரை, ஹோட்டல்கள், அவற்றுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அவர் வீடு. கடல் எப்போதும் நான் நிற்கும் பக்கம்தான் வரும். உரித்த உருளைக்கிழங்கை வைக்க இடமில்லாமல், சட்டியோடு கடலில் நிற்பேன்.

கேக் மாஸ்டரும் அதே ஊர்தான். மதிலுக்குள் பிறந்த துருக்கியர். அடுப்பில் இருப்பதை மறந்து ஓடிவந்து செஃப் கீறியதைத் திருத்துவார். துருக்கிப் படை வந்து தன் குடும்பம் ஓடிய கோடையில் செஃப்பின் சரித்திரம் தொடங்கும். மாஸ்டருடையது அதற்குப் பத்து வருடம் முன்பு, அவருடைய ஆட்கள் கிரேக்கருக்குப் பயந்து மதிலுக்குள் முடங்கிக் கிடந்த காலத்தில் தொடங்கும். இருவரும் உடைந்த ஜெர்மனில் கத்துவார்கள். கிழங்கு கருகுகிறது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு என் ஊர்ச் சரித்திரமே சரியாகத் தெரியாது. ஃபமகுஸ்தாவின் சரித்திரம் மனப்பாடம்.

படை வந்த நாளிலிருந்து வேலிபோட்டு அடைத்திருந்த கரையோரப் பகுதியில் சில தெருக்களை இத்தனை வருடம் கழித்துத் திறந்துவிட்டார்கள். செஃப்பின் தெருவும் அதில் ஒன்று. மனிதர் போகவில்லை. துருக்கியரின் சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட் காட்ட வேண்டுமாம்.

"என்ர வீட்டுக்குப் போக அவனிட்ட அனுமதியோ?"

"கூரை விழுந்திட்டுது. சுவரும் விழமுன்னம் போய்ப் பார்," என்றார் மாஸ்டர்.

வீட்டில் என் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். "பாஸ்போர்ட்டைக் காட்டினா குறைஞ்சே போவார்? நாங்கள் ஊருக்குப் போகேக்க ஆமிக்காரனிட்ட எத்தினை இடத்தில காட்டினனாங்கள்!"

"காட்டினம்தான். சந்தோசமாவோ காட்டினம்?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஓய்வுபெறும் ஆண்டில் ஒருவழியாக அவர் போனார். திரும்பி வந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக நானே கேட்டேன்: "வீட்டைப் பார்த்தீங்களோ, செஃப்?"

அவர் மாவை வீசினார். மதில், மணல், ஹோட்டல்கள். பிறகு உப்பை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இட்டார்.

"இதுவரைக்கும் போனன். பாஸ்போர்ட்டைக் கேட்டான். பொக்கெட்டால எடுத்தன். நீட்ட ஏலாமல் போச்சு."

மாஸ்டர் அன்று எதையும் திருத்தவில்லை. "நானும் கூட வந்திருப்பனேடா, மடையா," என்றார்.

"நீ வந்தால் உன்னை மட்டும் விடுவான்."

எனக்கு வந்த கோபத்தில் உப்பையும் மாவையும் ஒன்றாக வழித்தெறிந்தேன். இவ்வளவு தூரம் போய், இன்னும் ஒரு கை தூரம்!

இப்போது அவர் இல்லை. ஓய்வுபெற்ற குளிர்காலத்திலேயே இறந்துபோனார். புதிய செஃப் மாவை வீணாக்குவதில்லை. என் மேசை முழுவதும் எனக்குத்தான். போன கிழமை மாஸ்டர் வந்து ஒரு கைப்பிடி மாவை வீசினார். மதிலைக் கீறினார், கரையைக் கீறினார், மூன்றாவது தெருவில் ஒரு வீடு வைத்தார்.

"அங்க இல்லை," என்று கத்தினேன். சமையலறையே திரும்பிப் பார்த்தது. "இரண்டாவது தெரு!"

அவர் அழித்துவிட்டுச் சரியாகக் கீறினார். முடியும்வரை நான் உருளைக்கிழங்குச் சட்டியோடு கடலில் நின்றேன்.