வீரபாண்டிச் சிவப்புக்கு என் மாடல் போட்ட மதிப்பெண்

போன மாதம் ஒரு சனிக்கிழமை திருப்பூர் போனேன். பனியன் வாங்க அல்ல. கல்லூரித் தோழி மேனகாவின் கணவர் சிவகுமார், வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் சாயப்பொடி எடை போடுபவர். சில மாதங்களாக அவருக்கு மூச்சிரைப்பு. சாயத்தால்தான் என்றால் வேறு பிரிவுக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். எந்த மருந்து உடலின் எந்தப் புரதத்தோடு சேரும் என்று கணினியில் கணிப்பது என் பிழைப்பு. மேனகா கேட்டதால், அவர் அதிகம் கையாளும் சிவப்புச் சாயத்தை நான் உருவாக்கிய கணினி மாடலில் ஓட்டிப் பார்த்தேன். நுரையீரல் புரதத்தோடு சேர வாய்ப்பு மிகக் குறைவு, அதாவது மூச்சிரைப்புக்குச் சாயம் காரணமாக இருக்காது என்று வந்தது. அதை நேரில் சொல்லத்தான் இந்தப் பயணம்.

கோவை சிங்காநல்லூரில் காலை ஏழரைக்குப் பஸ், ஒன்றரை மணி நேரம். திருப்பூரில் இறங்கி வீரபாண்டிக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோ இருநூறு ரூபாய். பேரம் பேசினேன். ஓட்டுநர் அத்தனை மரியாதையாக மறுத்ததில் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

பட்டறை ஆபீஸில் என் கணிப்பைக் கேட்டதும் முதலாளிக்கு நிம்மதி. அப்படியானால் சிவகுமார் பொடி எடை போடும் கலர் ரூமிலேயே இருக்கட்டும் என்றார். சிவகுமார், வந்ததற்குப் பட்டறையையாவது பாருங்கள் என்று கூட்டிப்போனார்.

லேபில் ஒரு சிவப்புத் துணித் துண்டைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டிருந்தார்கள். சாயம் நின்றிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனையாம். தண்ணீரில் சிவப்பே இறங்கவில்லை.

"நல்லாப் புடிச்சிருச்சுங்க. இனி உடாதுங்க" என்றார் சிவகுமார், கொஞ்சம் பெருமையாகவே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மாடல் படித்ததெல்லாம் மருந்துகளை. அவற்றில் பெரும்பாலானவை புரதத்தில் வந்து உட்காரும், பிறகு எழுந்து போய்விடும். இடம் தோதாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அது மதிப்பெண் போடும். இந்தச் சிவப்பைப் போல நூலோடு வினைபுரிந்து ஒரேயடியாக ஒட்டிக்கொள்ளும் சாயத்தை அது பார்த்ததே இல்லை. நூலைப் பிடிப்பது நுரையீரல் புரதத்தையும் பிடிக்கலாம்; பிடித்தால் அதுவே மூச்சிரைப்புக்குக் காரணமாகலாம். எனக்குத் தெரியாத வேதியியல் அல்ல இது. மதிப்பெண் வந்த வேகத்தில் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பிப் போய் முதலாளியிடம் அப்படியே சொன்னேன்.

"ஏனுங்க, அப்ப ஒட்டும்ங்கறீங்களா?"

"தெரியாதுங்க. ஒட்டாதுன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன்."

முதலாளி மேஜையிலிருந்த ஆள் பட்டியலை இழுத்துச் சிவகுமார் பெயரை மாற்றி எழுதினார். "தெரியற வரைக்கும் சிவா துணி செக்கிங்ல இருக்கட்டுங்க. அவரு மூச்சை வெச்சு டெஸ்ட் பண்ண வேண்டாமுங்க."

சாயப்பட்டறை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முன்பே அனுமதி கேளுங்கள். தரை எப்போதும் ஈரம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பொடி எடை போடும் அறையை மாஸ்க் இல்லாமல் எட்டிப் பார்க்காதீர்கள். என்னைப் போலக் கணிப்போடு போகிறவர்கள், உங்கள் மாடல் எதைப் பார்த்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிவகுமாருக்கு நுரையீரல் மருத்துவரிடம் பரிசோதனை இருக்கிறது. சாயம்தான் காரணம் என்றால், விலகியிருப்பதாலேயே அவர் தேறிவிடக்கூடும்; வேறு நோய் என்றால் அவ்வளவு சுலபமில்லை. வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கிய மாடல் என்னுடையது. இந்த ஒரு தடவை அது தப்பாகவே இருக்கட்டும்.