பத்திரிகையைக் கையோடு கொண்டு வரவும்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, செலவில் எதையாவது குறைத்தே தீர வேண்டும் என்று அம்மா ஒரு முடிவோடு இருந்தார். மண்டபக்காரரிடம் பேசிப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். சமையல்காரர் சிரிக்காமல் மறுத்தார். மேளக்காரர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் அம்மாவின் கைக்கு அடங்கியது பத்திரிகை ஒன்றுதான்.

அம்மா ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பல வருடம் சமைத்தவர். ஒரு கோழியை எத்தனை தட்டுக்குப் பங்கு வைக்கலாம் என்பதில் அவருக்கு அசாத்தியத் திறமை. அந்தத் திறமை உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்று நம்பினார். நான் சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். விடிவதற்கு முன்பே எல்லைப் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன். அதனால் பத்திரிகை வேலை முழுக்க அம்மாவிடம் போனது. லோரி ஓட்டி ஓய்வு பெற்றிருந்த அப்பா காரை மட்டும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அச்சுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்துப் பரப்பினார். வெல்வெட் ஒட்டியது, குஞ்சம் தொங்குவது, ஓலைச்சுவடி போலச் சுருட்டியது. ஒன்றைத் திறந்தால் நாதஸ்வரம் வாசித்தது. அம்மா அதைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“பேட்டரி தீந்துட்டா என்ன பண்றது?”

“அதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிரும்மா.”

அம்மா அதைக் கீழே வைத்துவிட்டு, இருப்பதிலேயே குறைந்த விலைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். கடைக்காரர் ஒரு ஒற்றை அட்டையைக் காட்டினார். மடிப்பு கிடையாது. பின்பக்கம் வெறும் வெள்ளை. மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், நேரம், இடம் போட்டால் அட்டை நிறைந்துவிடும்.

“மாமன் மச்சான் பேரெல்லாம் போட எடமில்லயே,” என்றார் அப்பா.

“அவங்கதான் நேர்ல வரப்போறாங்களே,” என்றார் அம்மா.

பத்திரிகையே வேண்டாம், எல்லோருக்கும் போனில் அனுப்பிவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “போன்ல வந்தா அது சேதி. கையில குடுத்தாதான் அழைப்பு,” என்று அம்மா என்னை அடக்கிவிட்டார். ஆனால் அந்தக் கடையில் நூற்றுக்குக் குறைந்து அச்சடிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். நூறு அட்டை அடிப்பது, பெரியவர்களுக்கு மட்டும் தட்டில் வைத்துக் கொடுப்பது, மற்றவர்களுக்கு அதே படத்தைப் போனில் அனுப்புவது என்று முடிவானது. நூற்றில் பாதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று.

அங்கிருந்து முதல் குறை ஒரே வாரத்தில் வந்தது. மாமியாராகப் போகிறவர் அம்மாவைப் போனில் கூப்பிட்டார்.

“சம்மந்தி, எங்க அண்ணன் கார்ட முன்னாடி பாத்தாரு, பின்னாடி பாத்தாரு, லைட்டு வெளிச்சத்துல தூக்கியும் பாத்துட்டாரு. தாய்மாமன் பேரு எங்கயுமே இல்லையேங்கறாரு.”

அம்மா சமாளித்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு வெகு நேரம் வெங்காயம் உரித்தார்.

எங்கள் பங்கு அட்டைகள் ஜொகூர் பாருவுக்குள்ளேயே ஏறக்குறையத் தீர்ந்துபோயின. வடக்கே இருந்த சொந்தக்காரர்களை அழைக்க நாங்கள் காரில் கிளம்பியபோது அம்மாவின் பையில் மூன்றே அட்டைகள். போக வேண்டிய வீடுகள் அதைவிட எவ்வளவோ அதிகம். பின்சீட்டில் பார்த்தால் வெற்றிலை, பாக்கு, பழம், தட்டு எல்லாம் சரியாக இருந்தன. அம்மா உறைகளின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலால்.

“எதுக்கும்மா பென்சில்?”

“நீ பேசாம வா.”

முதல் வீடு ஆயர் ஈத்தாமில். அப்பாவோடு லோரி ஓட்டிய நண்பர், இப்போது சாலையோரம் பூந்தொட்டிக் கடை வைத்திருக்கிறார். அவர் கை கழுவிவிட்டு வந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கி, பத்திரிகையை உரக்கப் படித்தார். நேரம், இடம் உட்பட ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். காப்பி வந்தது. குடித்தோம். கிளம்ப வேண்டிய நேரம் வந்தும் அம்மா எழவில்லை. அப்பா தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்தக் கார்ட ஒரு தடவ குடுங்க,” என்றார் அம்மா.

அவர் எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை உறைக்குள் போட்டு, உறையைப் பைக்குள் போட்டார்.

“ஒரு சின்னப் பிழ இருக்குண்ணே.”

“பிழையா? நான் இப்பதானே முழுசும் படிச்சேன்.”

“அதான், படிச்சிட்டீங்கல்ல.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வாசலில் இருந்த தொட்டிகளைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, கடையிலிருந்து பெரிய தொட்டி ஒன்றைத் தூக்கி வந்து, கல்யாணப் பெண்ணுக்கு என்று சொல்லி எங்கள் காரில் ஏற்றினார். அம்மா அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

கார் நகர்ந்ததும் அம்மா பையிலிருந்து அழிப்பானை எடுத்து அந்தப் பெயரை அழித்தார். அடுத்த வீட்டின் பெயரை எழுதினார். அன்று மதியம்வரை இப்படித்தான் நடந்தது. ஒரு வீட்டில் அட்டையைப் பிள்ளை பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. இன்னொரு வீட்டில் கேட்பதற்குள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாஆ என்ற ஊரில் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒரே ஒரு அட்டை மிச்சம். அதன் உறை அழித்து அழித்துச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

பெரியம்மா அம்மாவின் மூத்த அக்கா. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் மகன், மருமகளோடு இருந்தார். பத்திரிகையைக் கையில் வாங்கியவுடன் நேராகச் சாமி மேடைக்குப் போனார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். நடுவில் ஈரக் குங்குமம் வைத்தார். சூடம் காட்டினார். அம்மா எங்களோடு சேர்ந்து கும்பிட்டார். ஆனால் அவர் கண் சாமியின் மேல் இல்லை. மஞ்சள் ஊறி மாப்பிள்ளையின் பெயர்வரை பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் விட மனமில்லை. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி இருந்தன.

“அக்கா, நீங்க ரெண்டு நாள் முன்னாடியே வந்துருவீங்கல்ல? அப்ப இந்தக் கார்ட கையோட கொண்டு வந்துருங்க.”

“எதுக்கு?” என்றார் பெரியம்மா.

மருமகள் தட்டில் பலகாரத்தோடு வந்து நின்றார். அவர் முன்னால் உண்மையைச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

“மண்டபத்துல கேப்பாங்கக்கா,” என்றார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மாவின் குரல்பதிவு வந்துவிட்டது. “எல்லாரும் கேட்டுக்குங்க. மண்டபத்துக்கு வர்றவங்க கண்டிப்பா கார்டு கொண்டு வரணும். கார்டு இல்லன்னா உள்ள விட மாட்டாங்களாம். ஜொகூர் பாருல இப்ப அப்படித்தான் போல.”

மறுநாள் கிளினிக்கில் என் போன் ஓயவில்லை. போனில் மட்டும் அழைப்பு வந்தவர்கள் எல்லோரும் வரிசையாகக் கேட்டார்கள். போனைக் காட்டினால் போதுமா? ஒரு குடும்பத்துக்கு ஒரு கார்டா, ஆளுக்கு ஒன்றா? சின்னப் பிள்ளைக்கும் வேண்டுமா? கார்டு எதுவும் தேவையில்லை, எல்லோரும் வாருங்கள் என்று நான் குழுவில் எழுதினேன். பெரியம்மா உடனே பதில் போட்டார்: “புள்ள கல்யாணப் பரபரப்புல பேசுது. அது சொல்றத எடுத்துக்காதீங்க. அதோட அம்மாவே என் மூஞ்சிக்கு நேரா சொன்னா.”

நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

“இப்ப இல்லன்னு சொன்னா அக்கா என்ன நெனைப்பாங்க?”

“அலமாக், அப்ப மத்தவங்க என்னம்மா நெனைப்பாங்க?”

“அவங்க எல்லாம் அக்கா இல்லையே,” என்றார் அம்மா.

கல்யாணத்தன்று மணமகள் அறையின் ஜன்னல் வழியாக எனக்கு வாசல் தெரிந்தது. எங்கள் பக்கத்து ஜனம் பட்டும் நகையுமாக வந்து இறங்கியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். போனில் வந்த படத்தை அவரவர் ஊர் நகல் கடையில் கொடுத்து அச்செடுத்து வந்திருந்தார்கள். சிலருடையது கலர், சிலருடையது கறுப்பு வெள்ளை. ஒருவர் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கி, சுருட்டி எடுத்து வந்தார். ஒரு குடும்பம் பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கொன்று வைத்திருந்தது. எங்கள் நூறு அட்டையைவிட அவை பார்க்க நன்றாகவே இருந்தன.

வாசலில் மண்டபத்துக் காவலாளி நின்றிருந்தார். வயதான மலாய்க்காரர். கார்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்வதுதான் அவர் வேலை. வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் தாளை நீட்டினார்கள். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, இதுதான் நடைமுறை போலும் என்று எடுத்துக்கொண்டு, தாமாகவே கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. முன்னால் சீர்த்தட்டோடு இறங்கியவர் தாய்மாமன். அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அதே மாமன். காவலாளி கையை நீட்டினார்.

“காட் அடா, என்சிக்?” கார்டு இருக்கிறதா என்று கேட்டார்.

“நான் மாப்பிள்ளையோட தாய்மாமன்,” என்றார் இவர், மலாயில்.

“பாய்க், என்சிக். காட்?” சரி ஐயா, கார்டு எங்கே?

மாமன் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் நின்றார்கள். மேளக்காரர்கள் மட்டும் எதையும் கவனிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாமன் மெதுவாகத் திரும்பி வேனைப் பார்த்தார். தலையில் பூ குத்திக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா ஓடி வருவது தெரிந்தது. கொண்டையில் பாதி அவிழ்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை.

“நல்ல வேள வந்தீங்கண்ணே. வாசல்ல நிக்க ஒரு பெரிய மனுஷர் இல்லாம தவிச்சிட்டிருக்கேன். வர்றவங்க கார்ட வாங்கிக்கிட்டு உள்ள அனுப்பணும். இத வேற யார நம்பி விடறது?”

மாமன் சீர்த்தட்டை மனைவியிடம் கொடுத்தார். தோளில் இருந்த துண்டைச் சரி செய்தார்.

“கார்டு இல்லாதவங்க வந்தா?”

“நீங்களா பாத்து விட்டாதான் உண்டு.”

அதன் பிறகு அந்த வாசல் அவருடையது. கார்டு கொண்டு வந்தவர்களிடம் வாங்கி அடுக்கினார். கொண்டு வராதவர்களிடம் யார், எந்த ஊர், யாருக்கு என்ன முறை என்று விசாரித்து, திருப்தியான பிறகு உள்ளே விட்டார். தன் சொந்தத் தம்பியையும் விசாரித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். காவலாளி அவருக்கு நாற்காலி போட்டார். மாமன் அவருக்குக் காப்பி வரவழைத்தார். தாலி கட்டும் நேரத்தில் மூன்று பேர் போய் அழைத்த பிறகுதான் மாமன் மேடைக்கு வந்தார். தாள்களை அக்குளில் இடுக்கியபடியே அட்சதை போட்டுவிட்டு, அவசரமாக வாசலுக்குத் திரும்பிப் போனார். அட்டையில் பெயர் இல்லாததைப் பற்றி அன்று அவர் பேசவே இல்லை. பேச நேரமில்லை.

பந்தி பாதி முடிந்தபோது ஒரு பை நிறையத் தாள்களோடு மேடைக்கு வந்தார். எனக்கும் என் கணவருக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எல்லாம் காட்டி முடித்து, சட்டைப் பையில் தனியாக மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்தார்.

“இத மட்டும் பாரும்மா.”

அது பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். எங்கள் பத்திரிகை முழுவதையும் நீல மையில் கையால் எழுதியிருந்தார்கள். பிள்ளையாரையும் வரைந்திருந்தார்கள். தும்பிக்கை கொஞ்சம் நீளம். யாருடைய போனையோ பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். தாளின் உச்சியில் போனில் தெரிந்த மணியும், பேட்டரி எத்தனை சதவீதம் என்பதும், ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற வரியும் இருந்தன. ஒன்றையும் விடவில்லை.

“இவங்கள நான் எதுவுமே கேக்கல,” என்றார் மாமன். “நானே கூட்டிட்டுப் போய் பந்தியில ஒக்கார வெச்சிட்டு வந்தேன்.”

பக்கத்தில் நின்றிருந்த அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். யார் கொண்டு வந்தது என்று கேட்டார். மாமன் கை காட்டிய இடத்தில், பந்தியின் கடைசி வரிசையில், பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மாள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு முன்பு தோட்டத்தில் அவரோடு ஒரே வேலைக் குழுவில் இருந்தவர். தோட்டத்தை விற்றபோது ஆளுக்கொரு ஊராகப் போனவர்கள், அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

அம்மா கீழே இறங்கிப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அம்மா பிறகுதான் சொன்னார்.

“நீ எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா பத்திரிக வைக்க வராம இருப்பேனா?”

“தெரியாதுன்னுதான் நானே எழுதிக்கிட்டேன்,” என்றாராம் அவர்.

அம்மா பரிமாறுபவரைக் கூப்பிட்டு அந்த அம்மாளின் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். பக்கத்தில் தனக்கும் ஒரு இலை போடச் சொல்லி உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தபோது, இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பவர் என்னை இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.