நின்று வாசிக்காத வயலின்

பப் என்ற மதுக்கடையில் இசை வாசிப்பவர்களுக்குக் கோப்பை கழுவும் சத்தம்தான் பக்கவாத்தியம்; வாசித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியில் லண்டனில் நாங்கள் மூன்று பேர் ஒரு நாட்டுப்புற ராக் குழு தொடங்கினோம். பீட்டருக்குக் கிற்றாரும் பாட்டும், ஜேனுக்கு டிரம்ஸ், எனக்கு யாழ்ப்பாணத்தில் பழகிய வயலின்.

கீழே ஒரு பெண்

சம்மணமிட்டு இருந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றித்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். பப்பிலோ எல்லோரும் நின்றுகொண்டே குடிப்பார்கள். முதல் நாள் தரையில் இருந்த நான் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாவது பாட்டில் ஒரு கிழவர் கோப்பையோடு ஒலிபெருக்கியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "இவ்வளவு நேரமும் டேப் ஓடுகிறதென்று நினைத்தேன். கீழே உயிரோடு ஒரு பெண் இருக்கிறாளே!"

மேசை மேல்

அடுத்த வாரத்திலிருந்து இரண்டு மேசைகளைச் சேர்த்து என்னை மேலே ஏற்றினார்கள். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கியது. அதைக் கேள்விப்பட்டு ஓர் இசைத்தட்டுக் கம்பனிக்காரர் வந்தார். பாட்டுகள் அவருக்குப் பிடித்திருந்தன. நான் சம்மணமிட்டு இருந்த விதம்தான் பிடிக்கவில்லை. எல்லோரையும் போல நின்று, தோளில் வைத்து வாசித்தால் ஒப்பந்தம் என்றார்.

என்னால் மற்ற இருவரின் வாய்ப்பும் போகப்போகிறதே! பீட்டர் வாயைத் திறப்பதற்குள் ஜேன் கேட்டாள்: "நானும் ஸ்டூலில் இருந்துகொண்டுதான் டிரம்ஸ் அடிக்கிறேன். என்னையும் எழுப்புவீங்களா?"

வாழைக்காய்க்குப் பக்கத்தில்

கம்பனிக்காரர் போய்விட்டார். பீட்டரின் சமையலறையில் நாங்களே ஒரு கசெட் பதிவு செய்தோம். இசைத்தட்டுக் கடைகள் அதை வாங்க மறுத்தன. கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த குகன் அண்ணையிடம் கொண்டுபோனேன். "இங்கிலீசுப் பாட்டை இங்க ஆர் பிள்ளை வாங்கப் போகினம்?" என்றார். என்றாலும் வாழைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார். ஒன்றைக் கடையில் ஓடவும் விட்டார்.

ஒரு கிழமை கழித்துப் போனால் வாழைக்காய்ப் பெட்டியைக் காணவில்லை. "அதைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டன் பிள்ளை. கசெட் இன்னும் இருந்தால் கெதியாக் கொண்டு வாரும்."

லூயிஷாம் மண்டபம்

பிறகு துணிந்து லூயிஷாமில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். அது நிரம்பாவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். தொடங்கும் நேரம் நெருங்கியும் முன்வரிசையில் சிலர்தான். ஜேன் நகத்தைக் கடித்தாள். திடீரென்று, தாமதமாக வந்த ரயிலில் இருந்து இறங்கியவர்கள் மொத்தமாக உள்ளே வந்தார்கள், சுவரோரத்திலும் இடமில்லை. யாழ்ப்பாணத்து மாமா ஒருவர் தொடையில் தாளம் போட, பக்கத்தில் செம்பட்டைத் தலைப் பெண்ணொருத்தி அவர் விரல்களைப் பார்த்துத் தானும் போட்டாள்.

முடிந்தும் யாரும் போகவில்லை. மண்டபக் காவலாளி சாவிக்கொத்தோடு மேடைக்கே வந்தார். நான் அவசரமாக வயலினைப் பெட்டியில் வைக்கப்போனேன். அவர் தடுத்தார்: "பூட்ட நேரமாகிவிட்டது. சீக்கிரம் அந்தக் கடைசிப் பாட்டை இன்னொரு தடவை வாசியுங்கள்!"

குழுவைக் கலைக்கும் பேச்சு அன்றோடு முடிந்தது. முதலாளி இல்லாத தொழிலில் ஒரு வசதி உண்டு: நம்மை வேலையை விட்டு நிறுத்தவும் ஆளில்லை.